வெள்ளை எலியின் பழுப்புக் கால்

எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், போன மாதம் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். “ஏன்மா, ஒரு எலியோட காலை வெட்டி இன்னொரு எலிக்கு ஒட்டுறீங்களாமே? அந்த வாயில்லா ஜீவனை ஏன் இப்படிப் போட்டு வதைக்கணும்?” நான் ஆய்வு விலங்குகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பது அவருக்குத் தெரியும். மின்தூக்கி கீழே வருவதற்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அறிவியல் படிக்காதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் மாங்கன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீர்கள். ஒரு கன்றின் வேர்க்கட்டையில் வேறொரு மரத்தின் குச்சியைச் செருகி இறுகக் கட்டிவிட்டால், சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகித் தளிர் விடும். செடிக்குள் “இது என்னுடையதா, அடுத்தவருடையதா” என்று தேடித் திரியும் காவல் அணுக்கள் கிடையாது. நமக்கு உண்டு. ரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றும் வெள்ளை அணுக்கள், எதிர்ப்படும் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் இருக்கும் அடையாளப் புரதங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அடையாளம் மாறியிருந்தால் தாக்கும். கிருமியிடமிருந்து நம்மைக் காக்கும் அதே வேலைதான், அடுத்தவரின் சிறுநீரகத்தையோ தோலையோ பொருத்தும்போது நமக்கு எதிராகத் திரும்புகிறது. இதைத்தான் நிராகரிப்பு என்கிறோம்.

இது எப்படித் தெரியவந்தது என்பதிலேயே விலங்குகளின் பங்கு தொடங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கிளாஸ்கோ மருத்துவமனையில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரும் பீட்டர் மெடவார் என்ற உயிரியலாளரும் அதைக் கவனித்து 1943இல் எழுதினார்கள். முதல் முறை ஒட்டிய தோல் சில நாள் தாங்கிப் பிறகு உதிர்ந்தது. அதே சகோதரரின் தோலை மறுபடி ஒட்டியபோது இன்னும் வேகமாக உதிர்ந்தது. அதாவது உடல் அந்தத் தோலை நினைவில் வைத்திருந்தது. ஒரே ஒரு நோயாளியை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மெடவார் முயல்களுக்குப் போனார். ஒரு முயலின் தோலை இன்னொன்றுக்கு ஒட்டி, ஒருமுறை, இருமுறை என்று பார்த்து, இது நோய் எதிர்ப்பு அமைப்பின் வேலைதான் என்று நிறுவினார். 1953இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், பிறப்பதற்கு முன்பே வேறு சுண்டெலியின் செல்களைப் பெற்ற சுண்டெலி, வளர்ந்த பின் அதே வகைச் சுண்டெலியின் தோலை ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சிங்கப்பூரில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் காலையில் மறக்காமல் மாத்திரை போடுகிறாரே, அந்த மாத்திரைக்கான காரணம் அந்த முயல்களிடமிருந்துதான் புரிந்தது.

இப்படி மனிதருக்குப் பதிலாக வைத்து ஆராயும் விலங்கை ‘மாதிரி விலங்கு’ என்கிறோம். தமிழில் இந்தச் சொல் நமக்கு ஒரு நன்மை செய்கிறது. “அவர் எனக்கு அண்ணன் மாதிரி” என்று சொன்னால், அவர் கூடப் பிறந்த அண்ணன் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. மாதிரி விலங்கும் அப்படித்தான். எலி மனிதனைப் போல இருப்பது ஏதோ ஓர் அம்சத்தில் மட்டும். எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை.

இப்போது கைக்கு வருவோம். எலியின் காலை மாற்றிப் பார்ப்பது, மனிதருக்குக் கை மாற்றுவதைப் புரிந்துகொள்ளத்தான். சிறுநீரகம், கல்லீரல் போன்றவை பெரும்பாலும் ஒரே வகைத் திசுவால் ஆனவை. கை அப்படியல்ல. தோல், கொழுப்பு, தசை, தசைநார், எலும்பு, எலும்புக்குள் மஜ்ஜை, நரம்பு, ரத்தக்குழாய் என்று ஒரு கூட்டுக்குடும்பமே அதில் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒரே அளவுக்குச் சண்டையைத் தூண்டுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் எலிகளில் காலின் ஒவ்வொரு திசுவையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தபோது, உடல் மிகக் கடுமையாக எதிர்த்த திசுக்களில் தோல் முன்னணியில் நின்றது. அது வெளியுலகத்தோடு உரசிக்கொண்டே இருப்பதால் காவல் அணுக்கள் அதில் அடர்த்தியாக இருக்கின்றன. அதனால்தான் கை மாற்றுச் சிகிச்சையை ‘முடியாத காரியம்’ என்று பல வருடங்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1964இல் ஈக்வடாரில் ஒருவருக்குக் கை பொருத்தினார்கள். அன்றிருந்த மருந்துகளால் அதைக் காக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது.

அக்கா கேட்ட எலிக்கு வருகிறேன். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஜோடியில் ஒன்று லூயிஸ் எலி. முழு வெள்ளை, சிவந்த கண். மற்றொன்று பிரவுன் நார்வே. பெயருக்கேற்ற பழுப்பு ரோமம். இரண்டும் பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே இனம்பெருக்கப்பட்ட வகைகள். ஒரு வகைக்குள் இருக்கும் எலிகள் அனைத்தும் கிட்டத்தட்ட ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையர் போல. லூயிஸ் காலை லூயிஸுக்கு மாற்றினால் நிராகரிப்பே வராது. அப்படிச் செய்துவிட்டு ஏதாவது கோளாறு வந்தால், அது நம் தையலின் குறை என்று தெரிந்துவிடும். பழுப்புக் காலை வெள்ளைக்கு மாற்றினால் அடையாளங்கள் முழுக்க வேறு, எதிர்ப்பும் கடுமை. இந்தத் தெளிவு மனிதரிடம் கிடைக்கவே கிடைக்காது. எந்த இரு நோயாளிகளும் ஒன்றல்லவே.

அறுவைச் சிகிச்சை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலியின் எடை முந்நூறு கிராமுக்குள் இருக்கும். முழு மயக்கத்தில், வெதுவெதுப்பான பலகையின் மேல், கண் உலராமல் களிம்பு தடவி படுக்க வைத்திருப்போம். தொடையின் தமனி ஒரு மில்லிமீட்டர் கூட இராது. அதைத் தைக்கும் நைலான் இழை தலைமுடியை விட மெலிது. வெறுங்கண்ணுக்குக் காற்றில் மிதக்கும் தூசி போலத்தான் தெரியும். நுண்ணோக்கிக்குக் கீழேதான் அது நூலாகிறது. தொடை எலும்பின் இரு முனைகளையும் சேர்க்க, ஊசி போடும் சாதாரண ஊசியையே வெட்டி உள்ளே ஆணியாகச் செருகுவார்கள். அப்புறம் தசை, நரம்பு, சிரை, தமனி. கடைசியில் கவ்வியை எடுத்ததும், வெளிறிக் கிடந்த பாதத்தில் ஓரிரு நிமிடத்தில் ரத்தம் ஏறி விரல் நுனிகள் இளஞ்சிவப்பாகும். இத்தனை வருடத்தில் அந்தக் கணத்தில் அந்த அறையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், ஓரிரு வாரத்தில் கதை முடிந்துவிடும். முதலில் பாதம் சிவந்து வீங்கும். பிறகு மேல்தோல் வழன்று உரியும். பிறகு கறுத்துக் காய்ந்துவிடும். இதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் தரம் இருக்கிறது. எலிக்குப் பயன்படும் இந்தக் கண்பார்வைத் தரவரிசையும், மனிதக் கையிலிருந்து மிளகளவு தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத் தீர்மானிக்கும் பான்ஃப் அளவுகோலும் நெருங்கிய உறவு. கையில் ஒரு வசதி உண்டு: கெட்டுப்போகத் தொடங்குவது வெளியே தெரியும். கல்லீரல் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

1970களின் பிற்பகுதியில் ஜப்பானிய மருத்துவர் டோய் எலிகளின் காலை மாற்றிப் பார்த்தபோது கையில் இருந்தவை பழைய மருந்துகள். அதே காலத்தில் நார்வே மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. அது சிறுநீரக மாற்றின் முகத்தையே மாற்றியது. எலிக் காலையும் நெடுநாள் காத்தது. அப்படியானால் மனிதக் கைக்கும் போகலாமே? இல்லை. எலியில் வென்றது பெரிய விலங்குகளில் அப்படியே வரவில்லை. தோல் திரும்பத் திரும்பத் தோற்கடித்தது.

இங்கேதான் பன்றி வருகிறது. எலியின் தோல் மெல்லியது, அடியில் இருக்கும் தசையின் மேல் தளர்வாக வழுக்கும். பன்றியின் தோல் நம்முடையதைப் போலத் தடிமனானது, கீழே இருக்கும் கொழுப்போடு இறுகப் பிடித்திருக்கும். ரத்தக்குழாய்களின் அமைப்பும் நெருக்கம். ஆனால் முழுக் காலையும் மாற்ற முடியாது. அவ்வளவு எடையுள்ள விலங்கு, குணமாகாத காலில் நின்றால் எலும்பு விலகும், வலியும் தாங்காது. அதனால் அமெரிக்காவின் லூயிவில் நகரக் குழுவினர் பன்றியின் முன்னங்காலிலிருந்து தோல், தசை, எலும்பு சேர்ந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து இன்னொரு பன்றிக்குப் பொருத்தினார்கள். ஒரே மருந்தை அள்ளிக் கொடுக்காமல், மூன்று மருந்துகளை அளவாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். தோல் தாங்கியது. அந்த முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அதே வருடம் செப்டம்பரில் பிரான்ஸின் லியோன் நகரில், அடுத்த ஜனவரியில் லூயிவில்லில், மனிதர்களுக்குக் கை பொருத்தப்பட்டது. லியோன் நோயாளி பிறகு மருந்தை நிறுத்திவிட்டார். 2001இல் அவர் கேட்டபடியே அந்தக் கையை எடுத்தார்கள். லூயிவில் நோயாளியின் கை நிலைத்தது.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. 2015இல் கொச்சியில் உள்ள அம்ரிதா மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், அரசுச் செலவில் ஒருவருக்கு இரு கைகளும் பொருத்தினார்கள். ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே தனித்துறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்தச் செய்தியை நான், இங்கே தொழிற்சாலைகள் நிறைந்த துவாஸ் பக்கம் போகும் பேருந்தில் கைப்பேசியில் படித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஊழியருக்கு வலதுகை நடுவிரலில் பாதி இல்லை. இயந்திரம் எடுத்துக்கொண்டது என்றார். அவரிடம் அந்தச் செய்தியைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக் காட்டவில்லை. ஒரு விரல் போனவருக்கு இந்தச் சிகிச்சை கிடையாது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வேலையிடத்தில் துண்டான சொந்த விரலைத் திரும்பத் தைப்பது வேறு, இறந்த ஒருவரின் கையைப் பொருத்துவது வேறு. முதலாவதில் நிராகரிப்பு கிடையாது. அதில் எதிரி நேரம் மட்டும்தான். தசை உள்ள பாகம், குளிரூட்டாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். விரலில் தசை இல்லை, அதனால் கூடுதல் அவகாசம் உண்டு. துண்டான விரலைப் பனிக்கட்டியில் நேரடியாகப் போட்டு எடுத்து வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது திசுவை உறைய வைத்துக் கெடுத்துவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி, அந்தப் பையைப் பனிநீரில் வைக்கவேண்டும். கட்டுமானத் தளத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் யாரையாவது தெரிந்தால் இந்த ஒரு பத்தியை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவதில், வாழ்நாள் முழுக்க மருந்து. அந்த மருந்துகள் நீரிழிவையும் தொற்றையும் சில புற்றுநோய்களையும் கொண்டுவரலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். கல்லீரல் இல்லாவிட்டால் உயிர் போகும், அதனால் இந்த விலையைக் கொடுக்கிறோம். கை இல்லாவிட்டால் உயிர் போகாது. அப்படியிருக்க, ஆரோக்கியமான ஒருவரை நாமே நோயாளி ஆக்கலாமா? உலகம் முழுக்கச் சேர்த்தாலும் கை மாற்று பெற்றவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள் என்றால், இந்தக் கேள்வி அதற்கு ஒரு முக்கியக் காரணம். சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வருபவை சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகிய நான்குதான். கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, இன்றைய ஆய்வின் மையக் கேள்வி ‘கையை ஒட்ட முடியுமா’ என்பதல்ல. ‘மருந்தைக் குறைத்து, முடிந்தால் நிறுத்தி, உடலை அந்தக் கையோடு சமாதானமாக வாழவைக்க முடியுமா’ என்பதுதான். காலோடு சேர்ந்து வரும் எலும்பு மஜ்ஜை இதில் ஒரு நம்பிக்கை. கொடுத்தவரின் மஜ்ஜை செல்கள் பெற்றவரின் உடலில் குடியேறிவிட்டால், காவல் அணுக்கள் இரண்டு அடையாளங்களையும் ‘நம்முடையது’ என்று பழகிக்கொள்ளக்கூடும். எலிகளில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறோம்.

எலிகளில். இந்தச் சொல்லை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் மாதிரி விலங்கு நம்மை ஏமாற்றும். ஆய்வகச் சுண்டெலி கிருமி இல்லாத காற்றில், கிருமி நீக்கிய தீனி தின்று வளர்கிறது. அதன் காவல் அணுக்களுக்குச் சண்டை அனுபவமே கிடையாது, பிறந்த குழந்தைபோல. நாமோ சளி, அம்மை, டெங்கி என்று பார்த்தவர்கள். நம் ரத்தத்தில் பழைய சண்டைகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் நிறைய. அவற்றில் சில, அடுத்தவரின் திசுவையும் பழைய எதிரி என்று தவறாக எடுத்துக்கொள்ளும். சுண்டெலியில் அழகாக வேலை செய்த பல முறைகள் மனிதரில் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சுண்டெலிகளை ஆய்வகச் சுண்டெலிகளோடு ஒரே கூண்டில் விட்டார்கள். தொற்றுகள் பரவி முடிந்தபின் ஆய்வகச் சுண்டெலிகளின் எதிர்ப்பு அமைப்பு, வளர்ந்த மனிதருடையதை நெருங்கியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எங்கள் வேலையில் சுத்தமே தெய்வம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சுத்தமே ஒரு கேள்விக்கான பதிலைத் திரித்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது.

நரம்பிலும் இதே கதை. மனிதரில் அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மேற்கையில் வெட்டுப்பட்டால் விரல் நுனி அறுபது சென்டிமீட்டர் தள்ளி இருக்கலாம். கணக்குப் போடுங்கள், அறுநூறு நாள். அதற்குள் நரம்புக்குக் காத்திருந்த சிறு தசைகள் சுருங்கி நாராகிவிடும். எலியில் நரம்பு இரண்டு மூன்று மடங்கு வேகமாக வளரும், போகவேண்டிய தூரமோ சில சென்டிமீட்டர்தான். ஆகவே எலி நடந்துவிட்டது என்பதை வைத்து மனிதர் எழுதிவிடுவார் என்று சொல்ல முடியாது. எலியின் நடையை அளக்கும் முறை எளிமையானது: பாதத்தில் மை தடவி, குறுகலான பாதையில் விரித்த காகிதத்தின் மேல் நடக்கவிடுவோம். ஆரோக்கியமான கால், விரல்கள் விரிந்த சிறு பூப்போல அச்சு விடும். நரம்பு சேராத கால், விரல்கள் ஒட்டிய நீளமான கறையைத்தான் இழுத்துச் செல்லும். வாராவாரம் அந்தக் காகிதங்களை வரிசையாக மேசையில் பரப்பினால், நரம்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று கண்ணாலேயே படிக்கலாம்.

குரங்குகளிலும் இந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எதிர்ப்பு அமைப்பு நமக்கு மிக நெருக்கம் என்பது வாதம். அதற்கு மிக மிக வலுவான காரணம் வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குமேல் இங்கே எழுதப் போவதில்லை.

அக்காவின் கேள்வியின் இன்னொரு பாதி: வதைப்பது. சிங்கப்பூரில் 2004இல் விலங்கு ஆய்வுக்கான விதிகளும் தேசிய வழிகாட்டு நெறிகளும் வந்தன. எந்த ஆய்வும் தொடங்குமுன் நிறுவனத்தின் குழு ஒன்று அதை அனுமதிக்கவேண்டும். அந்தக் குழுவில் கால்நடை மருத்துவர் இருப்பார், அறிவியலர் இருப்பார், அறிவியலே தெரியாத ஒருவரும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரும் இருப்பார்கள். அந்தக் கடைசி இருவரின் கேள்விகள்தான் பெரும்பாலும் கடினமானவை. “இதையே எலி இல்லாமல் செய்ய முடியாதா? இருபது ஏன், பன்னிரண்டு போதாதா? வலியைக் குறைக்க வேறென்ன வழி?” 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலர்கள் முன்வைத்த மூன்று கொள்கைகளும் இந்த மூன்று கேள்விகளேதான்: மாற்று தேடு, எண்ணிக்கை குறை, துன்பம் தணி.

துன்பம் தணிப்பதற்கு ஓர் உதாரணம். முழுக்காலை மாற்றிய எலிக்கு, நரம்பு சேரும்வரை அந்தக் காலில் உணர்ச்சி இருக்காது. தன்னுடையது இல்லை என்று நினைத்து அது கடித்துத் தின்னவும் தொடங்கலாம். கழுத்தில் வட்டப்பட்டை கட்டித் தடுக்கவேண்டியிருக்கும். ஆனால் கேள்வி நிராகரிப்பைப் பற்றியது மட்டும் என்றால், நடக்கும் கால் தேவையே இல்லை. கொடுக்கும் எலியின் எலும்பு, தசை, தோல் அடங்கிய ஒரு சிறு துண்டை, பெறும் எலியின் இடுப்பு மடிப்பில் வைத்துத் தைத்தால் போதும். அதன் நான்கு கால்களும் அதனுடையவையாகவே இருக்கும். ஓடும், ஏறும், தின்னும். கேள்வியைச் சரியாகக் கேட்டதால் எலி தப்பித்த வலி இது.

வலி எப்படித் தெரியும் என்று அக்கா மறுபடி பார்த்தபோது கேட்டார். எலி வலியை மறைக்கும், இரையாகும் பிராணி அல்லவா. ஆனால் முகம் சொல்லிவிடும். கண் இடுங்கும், கன்னம் தட்டையாகும், காது மடங்கிச் சுருளும். இதற்கென்று புள்ளிக் கணக்கே இருக்கிறது. கண்ணோரம் ரத்தம்போலச் சிவப்பாக ஒழுகினால் அது ரத்தமல்ல, மன உளைச்சலில் சுரக்கும் நிறமி. அறுவை நடந்த நாளில் வலிநிவாரணி கொடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கும் விடிகாலையிலும் நான் போய்ப் பார்ப்பது இவற்றைத்தான். கூட்டில் போட்ட மெல்லிய காகிதத்தைக் கிழித்துப் படுக்கை கட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்புவேன்.

“அந்தப் பழுப்புக் கால் எலி இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அறுபதாம் நாளில் ஆய்வு முடிந்தது. அன்று காலை அதற்குப் பிடித்த சூரியகாந்தி விதை கொடுத்தோம். மயக்க மருந்து கொடுத்து, விழிக்காமலேயே முடித்தோம். தோல், தசை, எலும்பு, நிணநீர்க் கணு எல்லாவற்றையும் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் அதன் எண்ணை எழுதியது நான்தான். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எண்ணு என்ன?” என்று கேட்டார். பதினேழு என்றேன்.